குருதிச் சுற்றும் மின்சுற்றும்

மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளும் அவர்களுடன் வரும் உறவினர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள் சில உண்டு. "எனக்கு வலியும் இல்லை, மயக்கமும் இல்லை, பிறகு எதற்காக இரத்தக்கொதிப்பு மாத்திரை?" என்பது ஒன்று. "படுக்கையிலிருந்து எழுந்தவுடன் கண்கள் ஏன் இருட்டுகின்றன?" என்பது மற்றொன்று. "சலைன் பாட்டிலை ஏன் அவ்வளவு உயரத்தில் தொங்கவிடுகிறார்கள்?" என்பது மூன்றாவது. வெவ்வேறு திசைகளிலிருந்து எழுவதுபோல் தோன்றினாலும், இம்மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. நம் வீட்டு மின்விளக்கை எரியச் செய்யும் விதியும், மாடியிலுள்ள தொட்டியிலிருந்து குழாய்க்கு நீரைக் கொண்டுவரும் விதியும், நம் உடலில் குருதியை ஓடச் செய்யும் விதியும் அமைப்பில் ஒன்றே. அந்த ஒப்புமையைச் சற்றே விரிவாகப் பார்ப்போம். அதை அறிந்துகொண்டால், மருத்துவர் சொல்லும் பல அறிவுரைகளின் காரணம் தாமாகவே விளங்கும்.

ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அறிதல்

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கண்ணுக்குத் தெரியும் ஒன்றோடு ஒப்பிட்டு அறிவது அறிவியலின் பழைய வழக்கம். ஜெர்மானிய அறிஞர் கியோர்க் சீமோன் ஓம் 1827-ஆம் ஆண்டு மின்னோட்டத்தைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். உலோகத்தில் வெப்பம் பரவுவதைப் பற்றிப் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1822-இல் எழுதியிருந்த கணக்கையே அவர் முன்மாதிரியாகக் கொண்டார். வெப்பநிலை வேறுபாடு வெப்பத்தைப் பாயச் செய்வதுபோல், மின்னழுத்த வேறுபாடு மின்னோட்டத்தைப் பாயச் செய்கிறது என்பது அவர் கண்ட உண்மை. இன்று பள்ளி மாணவர்கள் படிக்கும் ஓம் விதி அதுதான்: மின்னழுத்தம் என்பது மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கி வருவது.

புவியீர்ப்புக்கும் மின்சாரத்துக்கும் இடையிலும் இத்தகைய உறவு உண்டு. இரு பொருள்களுக்கு இடையிலான ஈர்ப்பு, தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்று நியூட்டன் 1687-இல் எழுதினார். மின்னூட்டம் பெற்ற பொருள்களுக்கு இடையிலான விசையும் அதே வடிவில் குறைகிறது என்று 1785-இல் கூலூம் அளந்து காட்டினார். ஒரு கிலோ எடையுள்ள நீரை ஒரு மீட்டர் உயரம் தூக்க ஏறத்தாழ 9.8 ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு கூலூம் மின்னூட்டத்தை ஒரு வோல்ட் மேலே கொண்டுசெல்ல ஒரு ஜூல் ஆற்றல் வேண்டும். ஆகவே நீருக்கு உயரம் எதுவோ, மின்சாரத்துக்கு வோல்டேஜ் அது. குருதிக்கு அழுத்தம் அது.

உயரத்தில் தொங்கும் பாட்டில்

இந்த ஒப்புமையைக் கண்ணால் காண வேண்டுமானால், நோயாளியின் கட்டிலருகே நிற்கும் டிரிப்ஸ் கம்பத்தைப் பாருங்கள். அங்கே மோட்டார் இல்லை. மருந்து நீரை உடலுக்குள் செலுத்துவது புவியீர்ப்பு மட்டுமே. ஒரு மீட்டர் உயரமுள்ள நீர், பாதரச அளவில் ஏறக்குறைய 74 மி.மீ. அழுத்தத்தைத் தருகிறது. படுத்திருப்பவரின் கையிலுள்ள சிரையின் அழுத்தம் அதைவிடப் பலமடங்கு குறைவு. இந்த வேறுபாடே நீரை உள்ளே செலுத்துகிறது. பாட்டிலின் உயரம் இங்கே வோல்டேஜ். செவிலியர் விரலால் உருட்டிச் சரிசெய்யும் சிறு சக்கரம் மின்தடை. அறையில் விழும் சொட்டுகள் மின்னோட்டம்.

நோயாளி கழிவறைக்குச் செல்லும்போது உடன் செல்பவர் பாட்டிலைக் கையில் தாழ்த்திப் பிடித்தால், குழாய்க்குள் குருதி ஏறுவதைக் கண்டிருப்பீர்கள். பலர் அதைக் கண்டு அஞ்சுவர். அங்கே நடந்தது இதுதான்: பாட்டில் தரும் அழுத்தம் சிரையின் அழுத்தத்துக்குக் கீழே இறங்கியது, ஆகவே ஓட்டம் திசை திரும்பியது. நெடுநேரம் அப்படியே விட்டால் ஊசியின் வாயில் குருதி உறைந்து அடைத்துக்கொள்ளும். பாட்டிலைத் தோளுக்கு மேல் உயர்த்திப் பிடித்தால் போதும். குருதி திரும்பிச் செல்லாவிட்டால் செவிலியரை அழையுங்கள்.

மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. "பாட்டில் மெதுவாக இறங்குகிறது, சீக்கிரம் முடியட்டும்" என்று எண்ணி உறவினர்கள் சிலர் அந்தச் சக்கரத்தைத் திறந்துவிடுவதுண்டு. தடையைக் குறைத்தால் ஓட்டம் பெருகும் என்பது உண்மையே. ஆயினும் சில மருந்துகள், குறிப்பாகப் பொட்டாசியம் கலந்த நீர், விரைந்து உட்சென்றால் இதயத் துடிப்பின் ஒழுங்கையே குலைத்துவிடும். இதயமோ சிறுநீரகமோ தளர்ந்தவர்களுக்கு வெறும் சலைன்கூட வேகமாக ஏறினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். அந்தச் சக்கரத்தைத் தொடும் உரிமை செவிலியருக்கும் மருத்துவருக்கும் மட்டுமே.

அழுத்தம், ஓட்டம், தடை

இப்போது உடலுக்குள் செல்வோம். குருதி ஒரு வழியில் சென்று மறுவழியில் திரும்பி வட்டமாகச் சுற்றுகிறது என்று ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் நிறுவினார். சுற்று என்றவுடனேயே மின்சுற்று நினைவுக்கு வர வேண்டும். இதயம் இச்சுற்றின் மின்கலம். தமனிகளும் சிரைகளும் கம்பிகள். மயிரிழையினும் மெல்லிய நுண்தமனிகள் மின்தடைகள். இதயத்தின் நான்கு வால்வுகளும், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடுகள். வால்வு கசிந்தால், இதயம் அனுப்பிய குருதியில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பும். அதே குருதியை இதயம் மீண்டும் தள்ள நேரும்.

எண்களைக் கொண்டு பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஓய்வாக இருக்கும் வளர்ந்த ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் குருதியை வெளியேற்றுகிறது. அவருடைய இரத்த அழுத்தம் 120/80 என்றால், கீழ் எண்ணோடு இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிச் சராசரி அழுத்தத்தைக் கணக்கிடுவர், அது 93. இந்த 93-ஐ 5-ஆல் வகுத்தால் வருவது உடல் முழுவதன் தடை. வோல்டேஜை ஆம்பியரால் வகுத்து ஓம் கணக்கிடுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

நுரையீரலுக்குச் செல்லும் சுற்றிலும் அதே 5 லிட்டர்தான் பாய்கிறது. அங்கே சராசரி அழுத்தமோ 15 மி.மீ. அளவே. நுரையீரலின் குழாய்கள் அகன்றவை, ஏராளமானவை. தடை பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. ஆகவே வலப்பக்க இதயத்தின் சுவர் மெலிந்தும் இடப்பக்க இதயத்தின் சுவர் தடித்தும் அமைந்திருக்கின்றன.

நான்காம் அடுக்கு விதி

மின்கம்பி மெலிந்தால் தடை கூடும் என்பதை அறிவோம். குழாயில் இது இன்னும் கடுமையாக நிகழ்கிறது. பிரெஞ்சு மருத்துவர் புவாஸே, மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீர்மங்களைச் செலுத்தி 1840-களில் தம் முடிவுகளை வெளியிட்டார். உடலின் நுண்குழாய்களில் குருதி எவ்வாறு ஓடுகிறது என்ற வினாவே அவரை இந்த ஆய்வுக்கு அழைத்துச் சென்றது. குழாய் வழியே செல்லும் ஓட்டம், அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பது அவர் கண்டது. ஆரம் பாதியாகக் குறைந்தால் ஓட்டம் பாதியாகாது. பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஓட்டம் 41 விழுக்காடாக இறங்கிவிடும். எதிர்த்திசையில், ஆரம் பத்தில் ஒரு பங்கு விரிந்தால் ஓட்டம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும்.

கையில் பொருத்தும் வென்ஃபிளான் ஊசிகளின் நிறங்களுக்கும் இவ்விதியே காரணம். பச்சை 18, இளஞ்சிவப்பு 20, நீலம் 22, மஞ்சள் 24. எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். விபத்தில் குருதி இழந்தவருக்கு அகன்ற ஊசியையும், குழந்தைக்கு மெல்லிய ஊசியையும் தேர்ந்தெடுப்பது இந்தக் கணக்கின்படியே.

இதயத் தமனி அடைப்பைப் புரிந்துகொள்ளவும் இவ்விதி துணைசெய்யும். தமனியின் விட்டம் பாதியாகச் சுருங்கிய பின்னரும் பலர் ஒரு துன்பமும் இன்றி நடமாடுகின்றனர். அது எவ்வாறு? அடைப்புக்கு அப்பால் உள்ள நுண்தமனிகள் தாமாகவே விரிந்து, தங்கள் தடையைக் குறைத்துக்கொள்கின்றன. தொடர்சுற்றில் ஒரு தடை கூடினால் மற்றொரு தடையைக் குறைத்து மின்னோட்டத்தைக் காப்பது போன்றது இது. ஆனால் விரிவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஓய்வில் இருக்கும்போதே அந்த இருப்பின் பெரும்பகுதி செலவாகிவிட்டால், மாடிப்படி ஏறும்போது கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. அப்போதுதான் நெஞ்சு இறுகுகிறது. தெருவில் லோ வோல்டேஜ் இருக்கும்போதும் விளக்கு எரியும்; மோட்டாரைப் போட்டவுடனேதான் குறை தெரியவரும். நடக்கும்போது வந்து, நின்றால் தணியும் நெஞ்சு இறுக்கத்தை வாயுக்கோளாறு என்று ஒதுக்கிவிடலாகாது. ஓய்வாக இருக்கும்போதே அத்தகைய இறுக்கம் வந்து தணியாவிட்டால், காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்.

கிளைச் சுற்றுகள்

நம் வீட்டில் விளக்கு, மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி எல்லாம் பக்க இணைப்பில் இருக்கின்றன. ஒன்றை அணைத்தால் மற்றது நிற்பதில்லை. உடலின் உறுப்புகளும் அவ்வாறே. ஓய்வு நேரத்தில் ஓடும் 5 லிட்டரில் சிறுநீரகங்கள் ஏறக்குறைய 1 லிட்டரைப் பெறுகின்றன. மூளை முக்கால் லிட்டரையும், இதயத்தின் தசை கால் லிட்டரையும் பெறுகின்றன. வயிறார உண்டபின் குடலின் பங்கு கூடும். நடக்கும்போது கால் தசைகளின் நுண்தமனிகள் திறந்துகொள்ளும். பல மின்கருவிகளை ஒருசேர இயக்கினால் மொத்தத் தடை குறைந்து மின்னோட்டம் பெருகுவதுபோல், உடற்பயிற்சியில் மொத்தத் தடை குறைந்து குருதியோட்டம் பெருகுகிறது. நாள்தோறும் நடப்பவர்களின் இரத்த அழுத்தம் காலப்போக்கில் தணிவதற்கு, குழாய்கள் விரிந்து கொடுக்கப் பழகுவதும் ஒரு காரணம்.

டயாலிசிஸ் செய்துகொள்வோர் தம் கையிலுள்ள ஃபிஸ்டுலாவை இந்த நோக்கில் பார்க்கலாம். தமனியை நேராகச் சிரையுடன் இணைக்கும் இம்முறையை 1966-இல் பிரெஸியா, சிமினோ ஆகியோர் தம் குழுவினருடன் வெளியிட்டனர். தடையாக நிற்கும் நுண்தமனிகளைக் கடந்து குருதி குறுக்குவழியில் பாய்கிறது. மின்துறையினர் ஷார்ட் சர்க்யூட் என்பதைப் போன்ற வழி இது. பாய்ச்சல் பெருகுவதால் சிரை தடித்து, ஊசிக்கு ஏற்றதாகிறது. அவ்விடத்தில் விரல் வைத்தால் உணரும் அதிர்வு அந்த வேகத்தின் அடையாளம். அந்தக் கையில் இரத்த அழுத்தப் பட்டையைக் கட்டவோ, குருதி எடுக்கவோ விடாதீர்கள். அக்கையின்மேல் தலைவைத்து உறங்காதீர்கள். ஓட்டம் தடைப்பட்டால் உறைந்துவிடும். அதிர்வு இல்லையென்று தோன்றினால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

மின்தேக்கியாகும் பெருந்தமனி

இதயம் குருதியை விட்டுவிட்டுத்தான் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால், ஒரு துடிப்புக்கு 0.85 நொடி. அதில் ஏறக்குறைய 0.3 நொடி மட்டுமே குருதி வெளிவருகிறது. எஞ்சிய அரை நொடிக்கும் மேலான நேரம் வால்வு மூடியிருக்கிறது. அப்படியிருந்தும் அழுத்தம் சுழியத்துக்கு இறங்குவதில்லை, 80-இல் நிற்கிறது. எவ்வாறு?

1733-இல் ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் இதற்கு விடை கூறினார். ஒரு பெண்குதிரையின் தமனியில் குழாயைச் செருகி, கண்ணாடிக் குழாயில் குருதி 8 அடி 3 அங்குலம் உயர்ந்ததைப் பதிவுசெய்து, இரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் இவரே. அக்காலத்துத் தீயணைப்புப் பொறியில், கைப்பம்பு விட்டுவிட்டு நீரைத் தள்ளினாலும் தாரை இடையறாது பாயும்படி காற்றடைத்த அறை ஒன்று இருக்கும். தமனிகளின் மீள்தன்மையை அவர் அதனோடு ஒப்பிட்டார். ஜெர்மானிய உடலியலாளர் ஆட்டோ ஃபிராங்க் 1899-இல் இதைக் கணித வடிவில் எழுதினார்.

மின்சுற்றில் இவ்வேலையைச் செய்வது மின்தேக்கி. செல்பேசி சார்ஜருக்குள் ஏறி இறங்கும் மின்சாரத்தைத் தேக்கிவைத்துச் சீராக விடுவது அதுவே. இதயம் தள்ளும்போது பெருந்தமனி விரிந்து குருதியைத் தேக்கிக்கொள்கிறது. இதயம் ஓயும்போது சுருங்கி அதை முன்னே அனுப்புகிறது. இதயத்தின் இடக் கீழறைத் தசைக்கு வேண்டிய குருதி பெரும்பாலும் இந்த ஓய்வு வேளையில்தான் கிடைக்கிறது.

வயது ஏற ஏறப் பெருந்தமனி விறைக்கிறது. நீரிழிவும் புகைப்பழக்கமும் அதை விரைவுபடுத்துகின்றன. மின்தேக்கி சிறுத்தால் சார்ஜரின் வெளியீடு ஏறியிறங்கும் அல்லவா? அவ்வாறே மேல் எண் உயர்கிறது, கீழ் எண் இறங்குகிறது. முதியவர்களுக்கு 165/70 என்று வரும்போது, "கீழ் எண் நன்றாகத்தானே இருக்கிறது, மேல் எண் வயதுக்கு ஏற்றதுதான்" என்று வீட்டில் ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதல் ஆபத்தானது. இரண்டு எண்களுக்கும் இடைவெளி கூடுவதே தமனி விறைத்ததன் அறிகுறி. அமெரிக்காவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆன 4,736 பேரைக் கொண்டு நடந்த ஷெப் ஆய்வின் முடிவுகள் 1991-இல் வெளிவந்தன. மேல் எண் மட்டும் உயர்ந்திருந்த அவர்களுள், மாத்திரை பெற்ற குழுவினருக்குப் பக்கவாதம் 36 விழுக்காடு குறைந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் தமனிக்குள் மெல்லிய குழாய் செருகி, திரையில் அழுத்த அலையைக் காட்டுவார்கள். அக்குழாயில் சிறு காற்றுக்குமிழி இருந்தாலும், வேண்டாத மின்தேக்கி ஒன்று சுற்றில் சேர்ந்ததற்கு ஒப்பாகும். அலை மழுங்கி, மேல் எண் குறைவாகத் தெரியும். செவிலியர் அக்குழாயை அடிக்கடி சோதிப்பது இதற்காகவே.

எழுந்து நிற்கும்போது

மின்சாரத்துக்கு மேல் கீழ் என்ற பேதமில்லை. குருதிக்கு எடை உண்டு. நாம் எழுந்து நின்றால், இதயத்திலிருந்து பாதம் வரையுள்ள குருதியின் எடையால் பாதத் தமனியின் அழுத்தம் 90 மி.மீ. அளவுக்குக் கூடுகிறது. தலையிலோ 20 மி.மீ.க்கும் மேல் குறைகிறது. அப்படியானால் குருதி காலிலேயே நின்றுவிட வேண்டாமா? நிற்பதில்லை. தமனியில் கூடும் அதே அளவு சிரையிலும் கூடுகிறது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு மாறுவதில்லை. உயர் அழுத்த மின்கம்பியில் அமரும் காகம் உயிர் பிழைப்பதும் இதனால்தான்: அதன் இரு கால்களுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு இல்லை.

சிக்கல் வேறோர் இடத்தில் எழுகிறது. சிரைகள் நெகிழ்ந்து கொடுப்பவை. உடலின் குருதியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அவற்றிலேயே தங்கியிருக்கிறது. நிற்கும்போது அரை லிட்டர் அளவு குருதி கால், வயிற்றுச் சிரைகளில் தேங்க, இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது. கழுத்துத் தமனிகளில் உள்ள அழுத்த உணரிகள் சில நொடிகளில் இதை அறிந்து, இதயத் துடிப்பைக் கூட்டியும் குழாய்களைச் சுருக்கியும் அழுத்தத்தை நிலைநிறுத்துகின்றன. வீட்டிலுள்ள ஸ்டெபிலைசர் செய்யும் வேலை இது. முதுமையிலும், நீரிழிவால் நரம்பு தளர்ந்தபோதும், நீர் பிரிக்கும் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை போன்றவை உட்கொள்ளும்போதும் இந்த ஏற்பாடு தாமதிக்கிறது. கண் இருட்டுகிறது, சிலர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கின்றனர். இரவில் கழிவறைக்கு எழும்போது, ஓரிரு நிமிடம் கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் அசைத்த பிறகே எழ வேண்டும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போது தேங்கிய குருதியை மேலே பிழிந்து அனுப்புகிறது.

வலியில்லாச் சுமை

இனி முதற்கேள்விக்கு வருவோம். வோல்டேஜையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் திறன் கிடைக்கிறது. அதன் அலகு வாட். அழுத்தத்தையும் குருதியோட்டத்தையும் பெருக்கினாலும் அவ்வாறே. சராசரி அழுத்தம் 93, ஓட்டம் 5 லிட்டர் என்றால், இடக் கீழறையின் திறன் ஏறக்குறைய 1 வாட். இரவு விளக்கின் அளவே. ஆனால் அது ஒரு கணமும் அணைவதில்லை. ஒரு நாளில் அது செய்யும் வேலையைக் கொண்டு, 60 கிலோ எடையுள்ள ஒருவரை 147 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடலாம். மாடிக்கு மூன்று மீட்டர் என்றால் 49 மாடி உயரம் அது.

இப்போது அழுத்தம் 160/100 ஆகிவிட்டதாகக் கொள்வோம். சராசரி 120. ஓட்டம் மாறாவிட்டாலும் வேலை நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. அதே இதயம் நாள்தோறும் 60 மாடிக்கும் மேலே தூக்க வேண்டியிருக்கிறது. இதயம் முறையிடுவதில்லை. சுமை தூக்குபவரின் தோள் தடிப்பதுபோல், அதன் சுவர் சத்தமின்றித் தடிக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்கிறது. அதே காலத்தில் மூளை, சிறுநீரகம், விழித்திரை ஆகியவற்றின் நுண்குழாய்கள் மிகையழுத்தத்தைத் தாங்கித் தாங்கிச் சிதைகின்றன. வோல்டேஜ் கூடுதலாக வரும் வீட்டில் பல்பு பளிச்சென்று எரியும். அது சீக்கிரமே போய்விடும் என்பது அந்த வெளிச்சத்தில் தெரியாது. வலியில்லை என்பதால் நோயில்லை என்று ஆகிவிடாது.

அழுத்தம் என்பது ஓட்டத்தையும் தடையையும் பெருக்கி வருவது என்பதால், மருந்துகளும் இவ்விரண்டு வழிகளில்தான் செயல்படுகின்றன. அம்லோடிபின், எனலாபிரில், டெல்மிசார்ட்டன் போன்றவை நுண்குழாய்களை விரித்துத் தடையைக் குறைக்கின்றன. நீர் பிரிக்கும் மாத்திரைகள் சுற்றிலுள்ள நீரின் அளவைக் குறைக்கின்றன. உணவில் உப்பைக் குறைப்பதும் இதே வழியில் உதவுகிறது. மெட்டோப்ரோலால் போன்றவை இதயத்தின் வேகத்தைத் தணிக்கின்றன. ஒரே மாத்திரையைக் கூட்டுவதற்குப் பதிலாக இரண்டைச் சிறு அளவில் சேர்த்துத் தருவதன் காரணமும் இப்போது விளங்கும். "இப்போது அளவு சரியாகிவிட்டதே" என்று மாத்திரையை நிறுத்துவது, ஸ்டெபிலைசர் சரியாக வேலை செய்கிறது என்பதற்காக அதைக் கழற்றி வைப்பதற்கு ஒப்பாகும். கால் வீக்கமோ வறட்டு இருமலோ வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்துகள் உண்டு.

ஒப்புமையின் எல்லை

எந்த ஒப்புமையும் முழுமையாகப் பொருந்துவதில்லை. புவியீர்ப்பு எப்போதும் இழுக்கும். மின்விசை இழுக்கவும் தள்ளவும் செய்யும். செம்புக்கம்பி தன் தடிமனை மாற்றிக்கொள்வதில்லை. தமனி நொடிக்கு நொடி மாற்றிக்கொள்கிறது. குருதியில் செல்களும் புரதங்களும் மிதப்பதால் அது நீரைப்போல் ஒரே சீராக ஓடுவதில்லை. எனவே மேலே கண்ட கணக்குகள் வழிகாட்டிகளே. உங்கள் மருந்தின் அளவை இக்கணக்குகளைக் கொண்டு நீங்களே மாற்றிக்கொள்ளாதீர்கள். உங்கள் சுற்றின் பிற பகுதிகளையும் அறிந்தவர் உங்கள் மருத்துவர்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக அமருங்கள். முதுகு சாய்ந்தும், பாதங்கள் தரையில் பதிந்தும் இருக்கட்டும். சிறுநீர் கழித்துவிட்டு அமர்வது நல்லது. அளக்கும்போது பேச வேண்டாம்.

2. பட்டை கட்டிய கையை மேசைமீது, இதயத்தின் மட்டத்தில் வையுங்கள். கை 10 செ.மீ. தாழ்ந்தால் அளவு 8 மி.மீ. வரை கூடுதலாகக் காட்டும். தடித்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினாலும் கூடுதலாகவே காட்டும்.

3. அளப்பதற்கு முந்தைய அரைமணி நேரம் காப்பி, தேநீர், புகையிலை வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, இரண்டையும் தேதியுடன் குறித்து வாருங்கள்.

4. வீட்டில் எடுக்கும் அளவு தொடர்ந்து 135/85-ஐத் தாண்டினால் மருத்துவரைக் காணுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ, குறைக்கவோ, நிறுத்தவோ வேண்டாம்.

5. எழும்போது தலைசுற்றல் இருந்தால் அடுத்த வருகையின்போது கட்டாயம் சொல்லுங்கள். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அளந்து பார்ப்பது சிறு சோதனையே. அதனால் விழுதலையும் எலும்பு முறிவையும் தவிர்க்கலாம்.

6. திடீரென முகம் கோணுதல், ஒரு கையோ காலோ வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், அதுவாகச் சரியாகும் என்று காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். 108 ஆம்புலன்சை அழைக்கலாம்.